அக்கா என் நாற்காலியை விட்டு நடந்த நாள்

நானும் அக்காவும் வெளியே கிளம்பினால் ஒட்டிக்கொண்டுதான் போவோம். என் வீல்சேரின் பின்பக்கக் கைப்பிடியை அவர் வலது கையால் பிடித்துக்கொள்வார். இடது கையில் வெண்கோல் மடித்தபடி இருக்கும். சமதரையில் நான் சக்கரத்தை உருட்டுவேன், அவர் பின்னால் நடந்து வருவார். "ஏத்தம்க்கா" என்றால் தள்ளுவார். "இறக்கம்க்கா" என்றால் இழுத்துப் பிடிப்பார். பள்ளம், கல், வலது, இடது எல்லாம் நான் வாயால் சொல்லச் சொல்லத்தான். பதினோரு வருடமாக இப்படித்தான். பார்க்கிறவர்கள் "எவ்வளவு ஒத்துமை" என்பார்கள். ஒற்றுமை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கைப்பிடியை விட்டால் அவருக்கும் வழியில்லை எனக்கும் வழியில்லை என்பதையும் சேர்த்துத்தான் ஒற்றுமை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு வட்டாரக் கலை மையத்துக்குப் போனோம். அங்கே அக்கா கைப்பிடியை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போனார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா என் கூடப் பிறந்தவர் இல்லை. முதுகுத்தண்டில் அடிபட்டு நான் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன இடத்தில் ஏற்பட்ட பழக்கம். அவருக்குக் கண் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டு வந்து, நாற்பது வயதுக்குள் முழுவதும் போய்விட்டது. அதற்கு முன்னால் படம் வரைந்துகொண்டிருந்தவர். கரித்துண்டால் வரைந்த நோட்டுப் புத்தகங்கள் நான்கு இப்போதும் அவரிடம் இருக்கின்றன. எடுத்துக் காட்டச் சொன்னால், எந்தப் பக்கத்தில் என்ன படம் என்று ஒன்று விடாமல் சொல்வார்.

எங்கே போவதாக இருந்தாலும் நான் முதலில் போன் செய்துவிடுவேன். மூன்றே கேள்விகள். வாசலில் எத்தனை படி? கதவு எவ்வளவு அகலம்? வீல்சேர் நுழைகிற கழிப்பறை இருக்கிறதா? வருகிற பதிலும் எனக்கு மனப்பாடம். "ரெண்டே படிதாம்மா, ஆளுங்க இருக்காங்க, தூக்கிடுவாங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை ஒரு கண்காட்சிக் கூடத்தில் நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். அதில் ஒருவர், கழற்றி மாட்டுகிற கைதாங்கியைப் பிடித்துவிட்டார். பாதிப் படியில் அது அவர் கையோடு வந்துவிட்டது. நாற்காலி ஒரு பக்கம் சரிந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன், விழவில்லை. உள்ளே போய் ஒரு மணி நேரம் சுற்றினேன். இதே வழியாகத் திரும்பி இறங்க வேண்டுமே என்ற நினைப்பைத் தவிர அன்று பார்த்த படம் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை.

இந்த மையத்தில் போனை எடுத்த பெண், கதவு அகலம் கேட்டதும் "இருங்க, அளந்து சொல்றேன்" என்றார். போனை வைத்துவிட்டு நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு அளவு டேப்பை இழுக்கிற சர்ரென்ற சத்தம். திரும்பி வந்து "முன்கதவு 90 சென்டிமீட்டர், கழிப்பறைக் கதவு 88. கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாத் திறக்கும்" என்றார். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நான் கேட்கவே இல்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவாக இருந்தால் நாற்காலியோடு நுழைந்த பிறகு சாத்த முடியாது. நாற்காலியே குறுக்கே நிற்கும். அனுபவப்பட்டவர்கள் யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லது அவரே கவனித்திருக்கிறார். கூட வருகிற அக்காவுக்குப் பார்வை இல்லை என்றேன். "அப்போ புதன்கிழமை வாங்க, கூட்டம் இருக்காது. தொட்டுப் பார்க்கிறதுக்குன்னு தனியா ஒரு அறை இருக்கு. அவசரப்படாமப் பார்க்கலாம்."

அக்காவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "நெஜமாவே அளந்துட்டு வந்து சொன்னாங்களா?"

வாசல் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருந்தது. சாய்தளத்துக்குப் பல நாடுகளில் சொல்லப்படுகிற கணக்கு 1:12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அதன்படி 5.4 மீட்டர் போதும். இங்கே கிட்டத்தட்ட ஏழு மீட்டர் விட்டிருந்தார்கள். இந்த ஒன்றரை மீட்டரின் அருமை சக்கரத்தைக் கையால் தள்ளுகிறவர்களுக்குத்தான் தெரியும். தோள்பட்டை வலிக்காமல் மேலே போய்ச் சேர்ந்தேன். மேலே கதவுக்கு முன்னால் சமதளமாக ஓர் இடம் இருந்தது, பிரேக் போடாமலே நாற்காலி நின்றது. அந்தச் சமதளம் இல்லாத சாய்தளங்களில், ஒரு கையால் பின்னுக்கு உருளும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைத் திறக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அக்கா பழக்கதோஷத்தில் தள்ளிக்கொண்டே வந்தார். "வேண்டாம்க்கா, நானே வந்துட்டேன்" என்றேன். "ஏறிட்டமா?" என்று ஆச்சரியப்பட்டார்.

வரவேற்பு மேசையின் ஒரு பகுதியைத் தாழ்வாக அமைத்திருந்தார்கள். அதனால் அங்கே இருந்தவரின் நெற்றியோடு பேசாமல் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. காதுக் கருவி போட்ட பெரியவர் ஒருவர் அந்த மேசையருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் காந்தச் சுருள் வைத்திருக்கிறார்களாம். கருவியை அதற்கான நிலைக்கு மாற்றிவிட்டால் சுற்றியிருக்கிற இரைச்சல் இல்லாமல், பேசுகிறவர் குரல் மட்டும் நேரே கருவிக்குள் வந்துவிடும். பெரியவர் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். ஒரு முறைகூட "என்ன?" என்று கேட்கவில்லை.

அங்கிருந்துதான் தரைப்பட்டை தொடங்கியது. ரயில் நிலைய நடைமேடைகளில் மஞ்சளாகப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு இருந்தால் நடக்கலாம், புள்ளிகள் வந்தால் நிற்க வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். செய்தி இவ்வளவுதான். பார்வை மங்கிக்கொண்டு வந்த ஒருவருக்கு உதவ நினைத்து, சேய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர் 1965-இல் உருவாக்கியது. 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே, முதன்முதலாகத் தரையில் பதித்தார்கள். இன்று உலகமெங்கும் எத்தனையோ கால்கள் அதைப் படிக்கின்றன.

ஆனால் எனக்கு அந்தப் பட்டை ஆகாது. என் நாற்காலியின் முன்சக்கரங்கள் சின்னவை. அந்த மேடுகளில் ஏறினால் முதுகுவரை அதிரும், சில சமயம் கால் தன்னால் துடிக்க ஆரம்பித்துவிடும். அக்காவுக்கு வழியாக இருப்பது எனக்கு வழிமறிப்பு. இதை இரண்டு பேரும் பல இடங்களில் அனுபவித்திருக்கிறோம். நடைபாதையின் நட்டநடுவில் பதித்து வைத்திருப்பார்கள். இங்கே இடது சுவரை ஒட்டி, கையெட்டும் தூரத்தில் ஒற்றைப் பட்டையாகக் கொண்டு போயிருந்தார்கள். வலப்பக்கம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வழவழவென்று வெறும் தரை. யாரோ உட்கார்ந்து, இப்படி இரண்டு பேர் ஒன்றாக வருவார்கள் என்று யோசித்திருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

அக்கா காலால் பட்டையைத் தடவிப் பார்த்தார். இரண்டடி வைத்தார். நின்றார். கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, வெண்கோலை உதறி விரித்தார். நான்கு துண்டுகளும் டக் டக்கென்று பொருந்தின.

"நீ போ. நான் வர்றேன்" என்றார்.

"நான் கூடவே..."

"போடா கண்ணு. நீ உன் பாட்டுக்குப் பாரு."

போனேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது முறை பார்க்கும்போது அவர் முதல் அறைக்குள் திரும்பிவிட்டிருந்தார். நாற்காலி லேசாகிவிட்டது போல இருந்தது. பின்னால் இருந்த கையின் எடை அவ்வளவு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

பெரிய நகரத்து அருங்காட்சியகம் இல்லை இது. சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் வரைந்தது, நெய்தது, வனைந்தது. மூன்று காட்சி அறைகள், தொட்டுப் பார்க்கும் அறை, பயிற்சிக்கூடம், சிறிய அரங்கம். அரங்கத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. வீல்சேருக்கான இடத்தைக் கடைசி வரிசையில் ஒதுக்காமல் நடுவரிசையில் விட்டிருந்தார்கள், பக்கத்திலேயே கூட வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் இருந்தது. அடுத்த முறை ஏதாவது நிகழ்ச்சிக்கு வரவேண்டும்.

படம் மாட்டுகிற உயரம் பற்றி நான் பல வருடமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். நின்று பார்க்கிறவர்களின் கண்மட்டத்துக்கு ஏற்றாற்போல் படத்தின் நடுப்பகுதி 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வருகிறமாதிரி மாட்டுவது வழக்கம். உட்கார்ந்திருக்கிற எனக்குக் கண்மட்டம் 115 செ.மீ. சொச்சம். அந்தக் கொஞ்ச வித்தியாசத்தால் வருவது கழுத்து வலி மட்டும் இல்லை. கண்ணாடி போட்ட படமாக இருந்தால், கீழிருந்து பார்க்கிற என் கண்ணுக்குக் கூரை விளக்கு அப்படியே அந்தக் கண்ணாடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எத்தனையோ ஓவியங்களின் நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைத்தான் நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இங்கே படங்களைத் தாழ்த்தியிருந்தார்கள். சின்னப் படங்களை இன்னும் கீழே. விவரச்சீட்டும் பெரிய எழுத்தில், நாற்காலியிலிருந்தே படிக்கிற உயரத்தில். நிற்கிறவர்களுக்கு இதனால் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை. ஒரு சிறுவன் யார் தோளிலும் ஏறாமல் எல்லாப் படத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

காகிதத்தில் வரைந்தவை இருந்த அறை மட்டும் இருட்டாக இருந்தது. காகிதம், நீர்வண்ணம், துணி இவற்றுக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது என்பது உலக வழக்கம். மீறினால் நிறம் வெளுத்துப்போகும், போனால் திரும்பாது. படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயம். பார்வை மங்கியவர்களுக்கு அந்த வெளிச்சம் போதாது என்பதும் நியாயம். பக்கத்து அறையில், அதே படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சாய்வு மேசையில் நல்ல வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டி அச்சுப்படத்தில் முகத்தைப் புதைத்தாற்போல் குனிந்து பார்ப்பார். பிறகு நடந்து வந்து மூலப்படத்தின் முன் நிற்பார். திரும்ப அங்கே போவார். நான்கைந்து தடவை நடந்தார்.

இரண்டாவது அறையில்தான் அந்தப் படம் இருந்தது. பெரிய படம் இல்லை. ஓர் அறை, ஒரு சன்னல், ஒரு மேசை, மேசைமேல் மடித்து வைத்த துணி. ஆள் யாரும் இல்லை. எண்ணெய் வண்ணம். பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன்.

சற்று நேரத்தில் அக்கா அங்கே வந்தார். கழுத்தில் ஆடியோ கருவி தொங்கியது, ஒரு காதில் மட்டும் மாட்டியிருந்தார். "எங்க இருக்க?" என்று கேட்டு என் குரலுக்கு வந்து சேர்ந்தார். "இது நல்லாத்தான் சொல்லுது, ஆனா கேள்வி கேட்டா பதில் சொல்லாது. நீ சொல்லு."

அக்காவுக்குப் படம் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அவரே பழக்கியது. முதலில் அளவு. கையால் காட்டக்கூடாது, "உன் நோட்டுப் புத்தகத்தைப் போல நாலு மடங்கு" என்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். அடுத்து எதனால் வரைந்தது. அடுத்து மொத்தத்தில் என்ன இருக்கிறது. அதன் பிறகு கடிகார முள் சுற்றுகிற வரிசையில் ஒவ்வொன்றாக. அழகாக இருக்கிறது, சோகமாக இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் பிடிக்காது. "அதை நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்பார்.

சொன்னேன். பதினோரு மணி இடத்தில் சன்னல். மூன்று மணியிலிருந்து ஒன்பது மணிவரை மேசையின் விளிம்பு, கொஞ்சம் சாய்ந்து.

"துணி என்ன நிறம்?"

"சிவப்பு."

"எந்தச் சிவப்பு?"

யோசித்தேன். "பழைய செங்கல். மழையில நனைஞ்சு காய்ஞ்சது."

"சரி. வெளிச்சம் சன்னல்லேர்ந்து வருதா?"

"ஆமா... இல்ல. துணியோட நிழல் சன்னல் பக்கமா விழுது. அப்போ இந்தப் பக்கத்துலேர்ந்தும் ஏதோ வெளிச்சம் வருது."

"மேசைக்கு எத்தனை கால் தெரியுது?"

எண்ணினேன். மூன்று. நாலாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் தரை மட்டும்தான். நாற்காலியை இன்னும் நெருக்கமாக உருட்டிக்கொண்டு போனேன். படம் தாழ்வாக இருந்ததால் அந்தக் கீழ்மூலை என் கண்ணுக்கு நேரே வந்தது. தரையின் பழுப்பு நிறத்துக்கு அடியில், நீளவாக்கில் ஒரு மெல்லிய மேடு. பக்கவாட்டில் விளக்கு பட்டதால் தெரிந்தது. கால் வரைந்திருக்கிறார். பிறகு அதன்மேல் தரையின் வண்ணத்தைப் பூசி மூடியிருக்கிறார்.

"அக்கா, நாலாவது கால் உள்ள இருக்கு. அழிச்சிருக்காங்க."

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நானும் அப்படி ஒண்ணை மூடியிருக்கேன்" என்றார். "மூணாவது நோட்டுல." அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொட்டுப் பார்க்கும் அறைக்கு அக்காவோடு நானும் போனேன். போகும் வழியில் அவர் வழக்கமாகச் சொல்கிற கதையைச் சொன்னார். இத்தாலியில் ஆல்டோ கிராசினி, டேனியலா போத்தெகோனி என்று பார்வையற்ற ஒரு தம்பதி. ஊர் ஊராகப் பயணம் போகிறவர்கள். எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் "தொடாதீர்கள்" என்ற ஒரே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், தொடுவதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று தங்கள் அங்கோனா நகரில் முயற்சி எடுத்தார்கள். ஓமேரோ என்று அதற்குப் பெயர், கிரேக்கக் கவி ஹோமரின் பெயர். 1993-இல் திறந்தது. 1999-இல் அந்த நாட்டின் அரசு அருங்காட்சியகமாகவே ஆகிவிட்டது. ஸ்பெயினில் பிராடோ அருங்காட்சியகமும் 2015-இல் ஆறு ஓவியங்களைப் புடைப்புப் பிரதிகளாகச் செய்து விரலால் பார்க்க வைத்தது. இந்த இரண்டு இடத்துக்கும் போக வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

அறைக்குள் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், கையைக் கழுவித் துடைக்கச் சொன்னார்கள். கையுறை வேண்டுமா என்று நான் கேட்டேன். "இது தொடறதுக்குன்னே செஞ்சது, வெறுங்கையால தொடுங்க" என்றார் அங்கிருந்த பணியாளர். சுடுமண் பானைகள், நெய்த துண்டுகள், மரத்தில் செதுக்கிய பறவை. ஒவ்வொன்றின் முன்விளிம்பிலும் சரிவாக ஒரு தகடு, அதில் பிரெயில். நிமிர்ந்த சுவரில் பிரெயில் ஒட்டினால் மணிக்கட்டை மடக்கிப் படிக்க வேண்டும். இந்தச் சரிவு கைக்குத் தோதாக இருப்பதாக அக்கா சொன்னார். அவருக்குப் பிரெயில் பிந்தி வந்தது. தமிழ் பிரெயில் கற்கும்போது அவர் வியந்து சொன்ன ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அச்சில் 'கொ' எழுத கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், நடுவில் க. பிரெயிலில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். "வாய் சொல்ற வரிசையிலேயே வருதுடா" என்று சின்னப்பிள்ளை மாதிரிச் சொன்னார்.

ஒரு பானையிடம் வந்து நின்றார். வாய் குறுகி, வயிறு அகன்ற பானை. இரண்டு உள்ளங்கையாலும் வயிற்றை அளந்தார். அடிப்பாகத்தைத் தடவினார். பிறகு வாய்க்குள் நான்கு விரலை விட்டு, கழுத்தின் உட்பக்கத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அங்கேயே முன்னும் பின்னுமாகத் தடவினார்.

"இங்க வா. கை குடு."

நான் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, கையை நீட்டினேன். அவர் என் கட்டைவிரலைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் ஓரிடத்தில் அழுத்தினார். ஒரு குழி. என் விரல் அச்செடுத்தாற்போல் அதில் உட்கார்ந்தது. வனைந்தவர் கழுத்தைக் குறுக்கும்போது உள்ளேயிருந்து தாங்கிப் பிடித்த கட்டைவிரலின் தடம். குழிக்குள் ரேகையின் சொரசொரப்புக்கூட இருந்தது. பணியாளர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கே தெரியாது. இத்தனை நாளா இங்கதான் இருக்கேன்" என்றார். அவரும் வந்து கையை விட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து எவ்வளவு குனிந்து பார்த்தாலும் அந்த இடம் தெரியாது, நான் பார்த்தேன்.

கழிப்பறையைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். வெளியே கிளம்புகிற நாளில் நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். சக்கர நாற்காலியில் இருக்கிற பெண்களைக் கேளுங்கள், பாதிப் பேர் இதையே சொல்வார்கள். நாக்கு வறண்டு, தலை வலித்து, சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை போட்டுக்கொண்டு எத்தனை கண்காட்சி பார்த்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதிய கதவைத் திறந்தால் உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலிகளும் இருக்கும். அவசரத்துக்கு இழுக்கிற சிவப்புக் கயிற்றை, தரையில் புரள்கிறதே என்று யாராவது சுருட்டி மேலே முடிச்சுப் போட்டிருப்பார்கள். அது விழுந்து கிடக்கிறவர் இழுக்க வேண்டிய கயிறு, அதனால்தான் தரைவரை தொங்குகிறது. இங்கே தொங்கியது. கைப்பிடிக் கம்பி இரண்டு பக்கமும் இருந்தது, ஒன்றை மேலே மடக்கி நாற்காலியை ஒட்டி நிறுத்த முடிந்தது. உள்ளே முழுவட்டம் திரும்பினேன். வெளியே வந்து, குடிநீர்க் குழாயில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் குறித்து ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கையில் 30-ஆவது பிரிவு பண்பாட்டு வாழ்வு, பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றியது. அரங்கம், அருங்காட்சியகம், நூலகம் எல்லாவற்றிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பது உரிமை என்கிறது. தனது படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது. பார்ப்பது மட்டும் இல்லை, படைப்பதும். அக்காவுக்கு அந்த இரண்டாவது பகுதிதான் முக்கியம்.

பயிற்சிக்கூடத்தில் அன்று காகிதம் வெட்டி ஒட்டும் வகுப்பு. அக்கா கத்தரிக்கோலைக் கையில் வாங்கியதும் முகமே மாறிவிட்டது. ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றி எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே குறைவாக இருந்த பார்வை 1956-இல், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, முழுவதும் போனது. அவர் நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார். 1972-இல் சாந்திநிகேதனில் பீங்கான் ஓடுகளால் ஒரு சுவர்ச்சித்திரமே செய்தார். என் பங்குக்கு நான் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸைச் சொன்னேன். 1941-இல் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆகி, வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார். உதவியாளர்கள் அவர் சொன்ன இடத்தில் சுவரில் குத்தி வைத்தார்கள். "அப்போ ஆளுக்கு ஒருத்தர் இருக்காங்க நமக்கு" என்றார் அக்கா.

எனக்கு அங்கே உட்காரத்தான் முடியவில்லை. மேசையின் குறுக்குச் சட்டம் தாழ்வாக இருந்து முழங்காலில் இடித்தது. பக்கவாட்டில் உட்கார்ந்து இடுப்பைத் திருப்பி வெட்டிப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. வகுப்பு நடத்தியவரிடம் சொன்னேன்: தரைக்கும் மேசையின் அடிப்பாகத்துக்கும் இடையே குறைந்தது 70 செ.மீ. வேண்டும், குறுக்கே சட்டம் இருக்கக்கூடாது. அவர் சமாளிக்கவில்லை, மன்னிப்பை நீட்டிக்கொண்டும் போகவில்லை. நோட்டை எடுத்து அளவை எழுதிக்கொண்டார். "உங்க முழங்கால் உயரத்தை ஒருதடவை அளந்துக்கலாமா?" என்று கேட்டு டேப்பை எடுத்தார். 64. அதையும் எழுதிக்கொண்டார். இங்கே எல்லோர் கையிலும் டேப் இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, இடது கை விரலால் வெட்டிய ஓரத்தைத் தொடர்ந்துகொண்டு. நான் பக்கத்தில் இருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. இந்தப் பதினோரு வருடத்தில் நான் பக்கத்தில் இருப்பதை அவர் மறந்து பார்த்ததில்லை. சத்தம் செய்யாமல் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டி வெளியே வந்தேன்.

இரண்டாவது அறைக்குத் திரும்பப் போனேன்.

கண்காட்சியில் ஒரு படத்திடம் இரண்டாம் முறை திரும்பிப் போனது எனக்கு இதுதான் முதல் தடவை. யாராவது தள்ளிக்கொண்டு போனால், அவர்கள் நின்றால் நிற்பேன், நகர்ந்தால் நகர்வேன். "அந்தப் படத்தை இன்னொரு தடவை" என்று சொல்ல வாய் வராது. அவர்களுக்குக் கால் வலிக்குமே, எனக்காக ஏற்கெனவே எவ்வளவோ செய்துவிட்டார்களே என்று இருக்கும். அக்காவோடு போனாலும் அதே கூச்சம்தான், அவரை இன்னொரு சுற்று நடக்க வைக்க வேண்டுமே என்று.

யாரும் காத்திருக்கவில்லை. மூன்று கால் மேசையின் முன்னால் பிரேக்கைப் போட்டேன். பிறகு அது எதற்கு என்று எடுத்துவிட்டேன். கொஞ்சம் பின்னால் உருண்டு பார்த்தேன், கிட்டே போய்ப் பார்த்தேன், இடது பக்கமாக நகர்ந்து அந்த மேட்டின்மேல் வெளிச்சம் எந்த இடத்தில் ஏறி எந்த இடத்தில் மறைகிறது என்று பார்த்தேன். அழித்த கால் முழங்கால் அளவுதான் இருக்கிறது, தரைவரை வரவில்லை. பாதியிலேயே மனம் மாறியிருக்கிறார். சிவப்புத் துணியின் மடிப்பில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது. அதை அக்காவுக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ, அடுத்த அறையின் விளக்கை அணைக்கிற சத்தம் கேட்டது.

நடைவழியில் வெண்கோல் தரையைத் தட்டிக்கொண்டு வந்தது. நின்று, திரும்பி, மறுபடி தட்டியது.

"எங்கடா இருக்க?"

"மேசைகிட்டக்கா."

"அப்படியே இரு. நானே வர்றேன்."